ஈரச் சாக்கு சுற்றிய குழவி

அக்காவுக்கு வலி வரப்போவது எங்கள் சந்தில் எல்லோருக்கும் முதல் நாளே தெரிந்துவிடும். அவளே சொல்லிவிடுவாள். காலையில் மசாலா வாங்க வருகிறவர்களிடம், அடிவயிற்றின் இடப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே, "நாளைக்கு அரைக்க மாட்டேன் லா. வேற எடத்துல சொல்லி வச்சுக்குங்க" என்பாள். மறுநாள் விடியும்போது அம்மிக் குழவி கழுவப்பட்டு, ஈரச் சாக்கில் சுற்றப்பட்டு, வாசல் நிலையோரம் நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்தவர்கள் கூப்பிடாமலே திரும்பிப் போவார்கள். எதிர் அறையில் இருந்த சலவைக்காரம்மா, "குழவி நின்னா அக்கா படுத்திருக்கு, குழவி படுத்தா அக்கா எந்திரிச்சிருச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவள் எனக்குச் சொந்த அக்கா இல்லை. என் அப்பா பினாங்குத் துறைமுகத்தில் சரக்குத் தோணியில் வேலை செய்தவர். அவர் இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அம்மா முன்பே இல்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்திருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும், வாய் திறந்து பேசத்தான் வராது. அப்பாவின் காரியம் முடிந்த அன்று சந்துப் பெண்கள் என்னை யார் வீட்டில் வைப்பது என்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்கு நடந்தாள். பாதி தூரத்தில் திரும்பி, "இந்தப் புள்ள எங்கூட இருக்கும். நாளைக்கு யாரும் வந்து கேக்காதீங்க, இன்னைக்கே சொல்லிட்டேன்" என்றாள்.

சூலியா ஸ்திரீட்டிலிருந்து பிரிகிற சந்து அது. ஒரு கடைவீட்டின் பின்கட்டில் எங்கள் அறை. அறைக்கு வெளியே கூரை போட்ட இடத்தில் இரண்டு அம்மிகள். சோற்றுக் கடைகளுக்கும், பெரிய வீடுகளுக்கும், விருந்துகளுக்கும் அக்கா மசாலா அரைத்துக் கொடுத்தாள். மிளகாய், மல்லி, மஞ்சள், சோம்பு, பூண்டு என்று தனித்தனியாக அரைத்து, உருண்டை பிடித்து, வாழையிலையில் வைத்துக் கட்டுவாள். அவள் கைகள் மணிக்கட்டு வரை எப்போதும் மஞ்சளாக இருக்கும்.

நாள் முழுக்க மிளகாய் அரைத்தவளால் ஒரு துளி மிளகாய் சாப்பிட முடியாது. அவளுக்குக் குடலில் நோய். நான் அவளோடு சேர்வதற்கு முந்தின வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி எதையோ உள்ளே செலுத்திப் படம் பிடித்துப் பார்த்தார்களாம். பெருங்குடலின் சுவரில் சின்னச் சின்னப் பைகள் போல வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன, அவற்றில் எதையாவது அடைத்துக்கொண்டால் புண்ணாகிச் சீழ் வைக்கும் என்று வெள்ளைக்கார டாக்டர் சொன்னதைத் டாக்டருக்கு உதவியாக இருந்த தமிழ் டிரஸ்ஸர் ஒருவர் அவளுக்கு விளக்கினார். "அஞ்சாறு சுருக்குப்பை இருக்காம் எனக்குள்ள. வெளிய ஒண்ணுகூட இல்ல" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லுவாள்.

விதையுள்ள பழம் கூடாது. தோல், எள், கடலை, பச்சைக் காய், காரம் எதுவும் கூடாது. படுக்கும்முன் வாசனையில்லாத பாரபின் எண்ணெய் ஒரு கரண்டி. இவை டிரஸ்ஸர் அன்று சொன்னவை. அக்கா எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் ஒரு வார்த்தை மறக்கவில்லை. கத்தரிக்காயைக்கூட விதை நீக்கித்தான் வேகவைக்கச் சொல்லுவாள். அதனால் மசாலாவை ருசி பார்ப்பது என் வேலையாயிற்று. ஒவ்வொரு உருண்டையிலிருந்தும் ஊசிமுனையளவு எடுத்து என் நாக்கில் வைப்பாள்.

"சோம்பு தூக்கலா இருக்கா?"

"கொஞ்சம், அக்கா."

"உன் நாக்கு இல்லாட்டி நான் மண்ணத்தான் அரைச்சுக் குடுக்கணும் புள்ள."

எதற்கும் உதவாதவள் என்று என்னைப்பற்றி நானே நினைத்திருந்த காலம் அது. அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று இப்போது சொன்னால் யாருக்கும் புரியாது.

வலி வருவதற்கு முன் சில அடையாளங்கள் உண்டு. நாக்கில் வெள்ளை படரும். தேங்காய் துருவும் வாசனை பிடிக்காது. இடப்பக்கம் உள்ளே யாரோ விரலால் தட்டுவது போல இருக்கும் என்பாள். தட்டல் தொடங்கியதும் முதலில் என்னிடம்தான் சொல்லுவாள். "புள்ள, கதவைத் தட்டுது." நான் அரிசியை ஊறப்போட்டுவிடுவேன். அதற்குப் பிறகுதான் வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லுவாள்.

முதல் நாள் வெந்நீரும் பார்லித் தண்ணீரும் மட்டும். இரண்டாம் நாள் கஞ்சித் தண்ணீர். மல் துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். ஒரு பருக்கையின் நொய் தென்பட்டாலும் கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள். வலி தணிந்தால் கூவைக்கிழங்கு மாவில் கூழ், பிறகு குழைந்த சோறும் மோரும். சோடா விற்கும் கனத்த மண்புட்டியில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, அவள் வயிற்றின் இடப்பக்கம் வைப்பேன். மணிக்கொரு தரம் புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். டிரஸ்ஸர் முக்கியமாக ஒன்று சொல்லியிருந்தார். வயிறு பலகை மாதிரி இறுகிப்போனால் கஞ்சி வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது, உடனே ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். பெரும்பாலும் நான்காம் நாள் எழுந்துவிடுவாள். எழுந்ததும் செய்கிற முதல் காரியம் குழவியின் சாக்கை அவிழ்ப்பதுதான்.

சோற்றுக்கடை பாய் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. காவடி போல் தோளில் தூக்கிச் சோறும் குழம்பும் விற்றுக்கொண்டிருந்தவர், அப்போதுதான் காக்கிலிமாவில், கடைவீடுகளுக்கு முன்னால் போகும் நடைபாதை ஓரத்தில், நிலையாக ஓரிடம் பிடித்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வரும் கூட்டம்தான் அவருக்குப் பெரிய வியாபாரம்.

"அக்கா, வயித்துக்குள்ள பஞ்சாங்கமா வச்சிருக்கீங்க? சொன்ன நாளு தவறாம வருதே" என்று ஒரு முறை கேட்டார்.

"உங்க வயித்துல என்ன பாய் வச்சிருக்கீங்க? உங்களுக்கு முன்னால ஒரு அடி போவுது" என்றாள் அக்கா. பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு வீட்டில் காதுகுத்து விருந்து. ஆட்டுக்கறிக்கு மசாலா அரைத்துத் தருவதாக அக்கா ஒப்புக்கொண்டிருந்தாள். விருந்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தட்டல் தொடங்கிவிட்டது. நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. இடுப்பை வளைத்து, வழியில் இரண்டு இடத்தில் தூணைப் பிடித்து நின்று, அந்த வீடு வரை நடந்தாள். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். தனக்குப் பதிலாக அரைக்க இரண்டு பெண்களை ஏற்பாடு செய்துவிட்டதையும் சொன்னாள்.

"இந்த உடம்போட நீங்க ஏன் வந்தீங்க? ஆள் அனுப்பியிருக்கலாமே" என்றார் அந்த வீட்டு அம்மா.

"ஆளு மறந்துரும். நானே வந்து சொன்னாத்தான் நீங்க நிம்மதியா தூங்குவீங்க."

திரும்பும் வழியில் அவளுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. ஆனால் முகத்தில் ஒரு திருப்தி. "ஒருத்தர காக்க வச்சிட்டு நாம படுத்துக் கெடக்கக் கூடாது புள்ள" என்றாள்.

அவள் ஏன் இப்படி என்பதை எனக்குச் சொன்னவர் சலவைக்காரம்மா. அக்காவின் புருஷன் ஒரு காலை, வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாராம். நாகப்பட்டினம் போகும் கப்பலில் ஏறிவிட்டார். அக்கா சோறாக்கி வைத்துவிட்டு மூன்று நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். நான்காம் நாள்தான் படகுத் துறை ஜெட்டியில் வேலை செய்யும் ஒருவர் வந்து, கப்பலில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார். "போறேன்னு சொல்லிட்டுப் போயிருந்தா, சோத்த மிச்சம் பண்ணியிருப்பேன்" என்று மட்டும் அக்கா சொன்னாளாம்.

நான் அவளோடு இருந்த மூன்றாம் வருஷம், என் பள்ளித் தோழிக்குக் கடல் தாண்டி அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் கல்யாணம் நடந்தது. போக ஆசையாக இருந்தது. அக்காவும் போகச் சொன்னாள். நான் கிளம்பியதும் அவளுக்கு வலி வந்துவிட்டது. ஜெட்டி வரை போய்விட்ட என்னைச் சலவைக்காரம்மாவின் மகள் ஓடிவந்து அழைத்துப்போனாள். அன்று எனக்கு வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. நோய் நாள் பார்த்தா வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தோழியின் கணவர் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. அடுத்த வருஷம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு டீச்சர் தேவை. என்னைப்பற்றிக் கணவர் மூலம் துரையிடம் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிச் சான்றிதழுடன் நேரில் வர வேண்டும். தங்க ஓர் அறையும் குசினியும் கொடுப்பார்கள். அன்று வராவிட்டால் வேறொருவர் காத்திருக்கிறார்.

திங்கட்கிழமை மாலை அந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

"எப்ப போகணும்?"

"வெள்ளிக்கிழமை, அக்கா."

"இன்னைக்குத் திங்கள்" என்று விரலை மடக்கி எண்ணினாள். "போனா அங்கேயே இருக்கணுமா?"

"ஆமா, அக்கா. மாசத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துக்குவேன்."

"பாக்க வருவியா" என்றாள். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துக் கொடுத்து, "நல்லது லா. போயிட்டு வா" என்றாள்.

மறுநாள் அவளுடைய பெட்டியிலிருந்து ஓர் அரக்குச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். நான் பார்த்து அவள் அதைக் கட்டியதே இல்லை. "துரை முன்னால போயி தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்காத. கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றாள். சலவைக்காரம்மாவைக் கூப்பிட்டு, "எங்க புள்ள டீச்சரம்மா ஆகப் போவுது. இந்தச் சேலைய நல்லாப் பெட்டி போட்டுக் குடு" என்றாள். புதன்கிழமை காலை என்னைப் பசாருக்கு அனுப்பி, சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி பார்த்து வாங்கச் சொன்னாள். அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக, கண்ணாடி முன் நின்று சத்தமாகப் பேசிப் பழகினேன்.

புதன்கிழமை பசாரிலிருந்து திரும்பியபோது எங்கள் பின்கட்டுச் சாக்கடையில் பாக்கு மட்டைப் பொட்டலம் ஒன்று கிடந்தது. ரோஜாக் விற்கும் மலாய்க்காரர் கட்டிக் கொடுப்பது அப்படித்தான் இருக்கும். கொய்யாவும் அன்னாசியும் வெள்ளரியும் வெட்டி, மிளகாயும் எள்ளும் போட்டுப் பிசைந்தது. மட்டையில் எள்ளும் கொய்யா விதைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. யாரோ தின்றுவிட்டு எறிந்திருக்கிறார்கள் என்று விளக்குமாற்றால் தள்ளிவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் அக்கா அம்மியிலிருந்து எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, தட்டுதா?"

தலையை மட்டும் அசைத்தாள். தட்டல் எல்லாம் தாண்டிப்போயிருந்தது. அரை மணியில் உடம்பு கொதித்தது. நான் அரிசியை ஊறப்போட்டேன். புட்டியில் வெந்நீர் நிரப்பினேன். குழவியைக் கழுவிச் சாக்கில் சுற்றி நானே வாசலில் நிறுத்தினேன். சேலை பெட்டி போட்டபடி கோரைப்பாயின் மேல் மடித்து இருந்தது. அக்கா அதைப் பார்த்து, "நீ காலையில போ புள்ள. நான் கெடக்கிறேன்" என்றாள். அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. சொன்ன பிறகும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவள் வயிறு பலகை மாதிரி இருந்தது. அக்கரைக்குப் போகும் முதல் பெரிப் படகு கிளம்பும் ஊதல் கேட்டபோது நான் ரிக்‌ஷாவில் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்று காலை நாங்கள் கிளம்பும்வரை மசாலா கேட்டு ஒருவர்கூட வாசலுக்கு வரவில்லை. ஜும்மா நாளில் பாய்கூட வரவில்லை. இருந்த பதற்றத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிழைப்பது கஷ்டம் என்று ஒரு நாள் சொன்னார்கள். நான் வார்டு வராந்தாவிலேயே இருந்தேன். காய்ச்சல் இறங்கிய அன்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இருக்கியா" என்றாள். நான் அழுதேன். தோழியிடமிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்திருந்தது. துரை அரை மணி பார்த்தார், பிறகு வேறொருவரை வைத்துக்கொண்டார், இனி தன் கணவரிடம் இந்தப் பேச்சை எடுக்க முடியாது. அதை அக்காவிடம் காட்டவில்லை. நோயாளியிடம் எதற்கு என்று மறைத்துவிட்டேன்.

அவள் வீடு திரும்பியபின் முதன்முதலாக நானே மசாலா அரைத்துப் பாயிடம் கொண்டுபோனேன்.

"எங்களால அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கஷ்டமாப் போச்சு, பாய்" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியம் அது.

"என்ன கஷ்டம் தங்கச்சி? அக்காதான் புதன்கிழமை காலையிலயே வந்து சொல்லிட்டாங்களே. வியாழன் வரைக்கும் தரேன் பாய், வெள்ளியிலேர்ந்து ஒரு வாரம் இருக்காது, வேற ஆளப் பாத்துக்குங்கன்னு. நான் அன்னைக்கே வேற எடத்துல ஏற்பாடு பண்ணிட்டேன். அவுங்க வார்த்த என்னைக்குத் தவறியிருக்கு?"

கொண்டுபோன மசாலாவை அவர் பலகையில் இறக்கி வைத்தேன்.

"புதன்கிழமையா, பாய்? உடம்பு முடியலன்னா சொன்னாங்க?"

"அன்னைக்கு நல்லாத்தான் இருந்தாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. நீங்க ரவிக்கைத் துணி வாங்கப் போயிருக்கறதாவும் சொன்னாங்க."

திரும்பும் வழியில் ரோஜாக் விற்கும் மலாய்க்காரர் சந்து முனையில் தள்ளுவண்டியோடு நின்றார். அவரிடம் நான் அதுவரை பேசியதில்லை. எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். ஆமாம், மசாலாக்கார அம்மா செவ்வாயும் புதனும் இரண்டு இரண்டு பொட்டலம் வாங்கினார், கொய்யாவை நிறையப் போடச் சொன்னார், இதற்கு முன் ஒரு நாளும் வாங்கியதில்லையே என்று நானே கேட்டேன் என்று அவர் சொன்னார்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து வாழை நார் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"பாய்கிட்ட புதன்கிழமையே சொன்னீங்களாமே, அக்கா."

நார் கிழித்த கை நின்றது. அவள் மறுக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

"சொல்லாம விட்டா அந்த மனுசன் ஜும்மாக் கூட்டத்துக்கு எதப் போட்டுக் கொழம்பு வைப்பாரு?" என்றாள்.

"எங்கிட்ட சொல்லலியே."

"சொன்னா நீ போயிருப்பியே."

"ரோஜாக் தின்னீங்களா?"

"எத்தன வருசமாச்சு. நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வலி பொய்யில்ல புள்ள. நீயே தொட்டுப் பாத்த."

"செத்திருப்பீங்க அக்கா."

"அதுக்குத்தான் நீ இருந்தியே."

நான் கத்தியிருக்க வேண்டும். எனக்கு அது வரவில்லை. புக்கிட் மெர்தாஜாம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்க நினைத்தேன். அதற்கும் ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்று பயந்து கேட்கவில்லை. கொல்லைக்குப் போய்க் கஞ்சியை வடிகட்டினேன். இரண்டு முறை.

மருந்து வாங்கப் போனபோது டிரஸ்ஸரிடம் விதை தின்றால் இப்படி வருமா என்று விசாரித்தேன். வரலாம், தின்னாமலும் வரும், இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். அது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. வர வேண்டும் என்று தின்றாள். எனக்கு அது போதும்.

அதற்குப்பின் ஏழு மாதம் அதே அறையில் இருந்தேன். போக வேறு இடம் இல்லை. மசாலாவை என் நாக்கில் வைக்க அவள் விரல் நீட்டும்போது, "நல்லா இருக்கு" என்று ருசி பார்க்காமலே சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருக்கும். கதவைத் தட்டுது என்று அவள் சொன்னால் அரிசி ஊறப்போட்டேன். ஆனால் முதலில் குப்பையில் பாக்கு மட்டை கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட்டேன். ஒரு நோயாளியை அப்படிச் சந்தேகப்படுவது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். அவள் என்னை அப்படியும் ஆக்கினாள்.

அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கு இன்னொரு டீச்சர் தேவைப்பட்டபோது தோழி மனம் இரங்கி மறுபடி எழுதினாள். இந்த முறை கடிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. சலவைக்காரம்மாவுக்கு மட்டும், வேறு ஏதோ பேச்சுப் போல, கஞ்சியை எப்படி வடிப்பது, புட்டியை எங்கே வைப்பது, வயிறு இறுகினால் என்ன செய்வது என்று காட்டிக் கொடுத்தேன். திங்கட்கிழமை விடிகாலை அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்று ஒரு வலியும் இல்லை. குழவியைக் கழுவி, ஈரச் சாக்கில் சுற்றி, வாசலில் நிமிர்த்தி வைத்துவிட்டு, முதல் பெரியில் அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டேன். சொல்லாமல் போவது அவளுக்கு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. தோட்டத்தில் கூவைக்கிழங்கு நன்றாக வரும். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு டின் மாவு, பினாங்கு போகும் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். பெயர் சொல்லவில்லை. டின் வெறுமையாகத் திரும்பி வரும். கழுவி, துடைத்து, மூடி இறுக்கப்பட்டு வரும்.

ஆறாம் வருஷம் டின் திரும்பி வரவில்லை. பள்ளி விடுமுறையில் நானே போனேன். கையில் மாவுப் பொட்டலம் இருந்தது. எங்கள் அறையில் வேறு யாரோ குடியிருந்தார்கள். சலவைக்காரம்மா மகள் வீட்டோடு போய்விட்டாராம். பாயின் கடைக்குப் போனேன். அவர் நரைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் நாற்காலி இழுத்துப் போட்டார்.

"ஆஸ்பத்திரியில அறுத்துத்தான் ஆகணும்னு சொல்லிட்டாங்க, தங்கச்சி. அக்கா ஒரு வாரம் முன்னாடியே வீடு வீடா நடந்து போயி எல்லார்கிட்டயும் சொன்னாங்க. இங்கயும் வந்தாங்க. 'பாய், திங்கக்கெழமையிலேர்ந்து மசாலா இல்ல. இந்தத் தடவ எத்தன நாளுன்னு சொல்ல முடியாது, நெரந்தரமா ஒரு ஆளப் பாத்துக்குங்க'ன்னாங்க. அறுத்த மூணாம் நாளு போயிட்டாங்க."

நான் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"எனக்கு ஏதாவது சொன்னாங்களா, பாய்?"

"நான்தான் கேட்டேன். சுங்கை பாக்காப்புல இருக்கிற புள்ளைக்குச் சொல்லி அனுப்பட்டுமான்னு. வேணாம்னுட்டாங்க. 'பள்ளிக்கூடம் நடக்குற நேரம் பாய். சொன்னா போட்டது போட்டபடி ஓடியாந்துரும்'னாங்க."

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது எவ்வளவு பெரிய மனசு என்றார். என் தோழியும் பின்னால் அதையேதான் சொன்னாள். இருக்கலாம். நான் வந்திருப்பேனா என்று எனக்கு நிச்சயமில்லை. வராமல் இருந்திருக்கவும் கூடும். அவள் சொல்லி அனுப்பியிருந்தால், வருவேனா மாட்டேனா என்பதையாவது நான் தெரிந்துகொண்டிருப்பேன்.

நான் போகக் கூடாது என்று அவளே முடிவு செய்தாள். நான் வரக் கூடாது என்றும் அவளே முடிவு செய்தாள். பினாங்கு முழுக்க நடந்து நடந்து ஊருக்கெல்லாம் சொன்னவள், இரண்டு தடவையும் என்னிடம் மட்டும் சொல்லவில்லை.